ஐம்பத்தைந்து சென்டிமீட்டர்

தோளிலிருந்து தரைவரை
ஐம்பத்தைந்துக்கு மேல் போகக் கூடாது,
அடுக்குமாடி வீட்டுக்குச் சட்டம் அப்படி.
அளவுநாடாவைக் கண்டதும் விறைத்து நிற்கிறாள்,
பள்ளிக்கூடத்தில் படமெடுக்க நிற்கும் பிள்ளை மாதிரி.
கொஞ்சம் தளர்ந்துதான் நில்லேன்டி.
ஐம்பத்தைந்தரை.
கோழித்துண்டைத் தாழக் காட்டினேன்.
முதுகு இறங்கியது.
ஐம்பத்து நான்கே முக்கால்.
கோழித்துண்டுக்கு முந்தைய எண்ணை
நான் எங்கும் எழுதவில்லை.

துவாஸ் கடைசியில் ஒரு வேலைத்தளத்தை மூடியபோது
பிடிபட்டவள்.
இடது காதின் நுனி இல்லை;
கருத்தடை ஆயிற்று என்று
எவரும் தூரத்திலிருந்தே படித்துக்கொள்ளலாம்.
படிவத்தில்
இனம்: கலப்பு.
வயது: மூன்று இருக்கலாம்.
பெயர்: மோக்கா. (நாங்கள் வைத்தது. அவளுக்குத் தெரியாது.)
முந்தைய உரிமையாளர்: இல்லை.

அந்த 'இல்லை'
ஞாயிற்றுக்கிழமை விடுதிப் பேருந்து ஏறி
ரயில் மாறி
பாதி வழி நடந்து
மேற்குக் கடற்கரைப் பூங்காவுக்கு வந்தது.
பெயர் சூசைராஜ். சாயல்குடிப் பக்கம்.
கட்டம் போட்ட சட்டையில் இஸ்திரி மடிப்பு.
பிளாஸ்டிக் பையில் ஓர் ஆரஞ்சு மேலங்கி,
ஒளிரும் பட்டை பாதி உரிந்தது.
"இதுமேலதான் படுக்கும்" என்றார்.

நாய்ப் பூங்காவுக்கு இரண்டு கதவுகள்.
ஒன்றைச் சாத்தியபின்தான் மற்றதைத் திறக்கலாம்.
நடுவே ஒரு கட்டில் போடும் அளவு இடம்.
அங்கேயே நின்றுவிட்டார்.
டிக்கெட்டு உண்டா என்று கேட்டார்.
இல்லை என்றேன்.
"நாய் இல்லாதவங்க உள்ள வரலாமா?"

உள்ளே
தள்ளுவண்டியில் வந்திறங்கிய பூடில்,
வெயிலுக்குக் காலுறை போட்ட கோர்கி,
தண்ணீர்க் குழாயை விட்டு நகராத ஒரு கிழட்டு லாப்ரடார்.
பெஞ்சுக்கு அடியில் இவள்.
மூன்றாவது ஞாயிறாக இயோ குடும்பம்
அவளைப் பார்க்க வந்திருக்கிறது.
மகள் ஜியா யீ புல்லில் குப்புறப் படுத்து
கம் மோக்கா, கம் என்கிறாள்.
அம்மா மாண்டரினில் கெஞ்சுகிறார்.
அப்பா கைக்கடிகாரம் பார்க்கிறார்.
வெட்டுப்பட்ட காது மட்டும் ஒருமுறை அசைந்தது.

சத்தமாகக்கூட இல்லை,
கதவுகளுக்கு நடுவிலிருந்து ஒரு குரல்:
"ஏ சிமிட்டி. சாப்ட்டியா?"

வாலை ஆட்டினாள் என்று சொன்னால் போதாது.
வால்தான் அவளை ஆட்டியது.
கம்பியில் முன்கால் வைத்து
ஆள் உயரம் எழுந்து நின்றாள்.
நல்லவேளை,
நாடாவோடு யாரும் பக்கத்தில் இல்லை.

சிமெண்டு மூட்டை நிறமாம், அதனால் அந்தப் பெயர்.
என்ன கேட்டார் அவர் என்றார் திருமதி இயோ.
சொன்னேன்.
சிரித்துவிட்டார்.
எங்கள் வீட்டிலும் போனை எடுத்தால்
முதல் கேள்வி அதுதான் என்றார்.
ஜியா யீ வாய்க்குள் உருட்டிப் பார்த்தாள்:
சாப். தி. யா.
நாய் அவளைத் திரும்பிப் பார்த்தது,
உச்சரிப்பில் குறை கண்ட ஆசிரியை போல.

பிறகு எல்லாம் வழக்கம்தான்.
ஜன்னலுக்கு வலை, உரிமம், கையெழுத்து,
லிஃப்ட் கதவு திறந்தால் நடுங்கும் முதல் வாரம்.
மேலங்கியைத் தெரியாமல் துவைத்துவிட்டோம்,
மன்னிக்கவும் என்று ஒரு செய்தி.
சூசைராஜிடம் அதை நான் சொல்லவில்லை.
நாயும் சொல்லவில்லை:
இரண்டு நாள் முகர்ந்துவிட்டு
அதன்மேலேயே படுத்துக்கொண்டதாம்.

அவருக்கு இப்போது ஞாயிறும் ஓவர்டைம்.
ஜியா யீ குரலைப் பதிந்து அனுப்புகிறாள், சரிபார்க்கச் சொல்லி.
நான் அவருக்குத் தட்டிவிடுகிறேன்.
சாப்-தி-யா?
பின்னால் பாத்திரம் உருளும் ஓசையோடு
இரவு பத்தரைக்குப் பதில் வருகிறது:
"சாப்டேம்மா. நீ?"

காலியான கூண்டுக்கு மறுநாளே ஒருவன் வந்தான்,
சுங்கை காடுட் மரப்பட்டறையிலிருந்து.
சாது. எலும்பெல்லாம் நீளம்.
நாடா ஐம்பத்தெட்டு என்கிறது.
தளர்ந்து நின்றாலும் ஐம்பத்தெட்டு.
கோழித்துண்டைத் தின்றுவிட்டு
இன்னும் உண்டா என்று
நிமிர்ந்து பார்க்கிறான்.